கோயில் ஒலிபெருக்கி டிரான்ஸ்ஃபார்மரில் ஓர் இஎல்84 புஷ்-புல் ஆம்ப்: பினாங்கிலிருந்து ஒரு செய்முறைக் குறிப்பு

இஎல்84 (EL84) என்பது பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டிய வால்வு, அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாய். அதன் டேட்டாஷீட்டில் சிங்கிள்-எண்டட் (ஒற்றை வால்வு) கிளாஸ் ஏ (அலை முழுக்கக் கரண்ட் நிற்காமல் ஓடும் முறை) பகுதியைப் பார்த்தால் ஆனோடு (வெளியீடு எடுக்கும் முனை) 250 வோல்ட், கரண்ட் 48 மில்லிஆம்பியர், சுமை 5.2 கிலோ ஓம், வெளியீடு 5.7 வாட் என்று போட்டிருக்கும். வால்வு ஆம்ப் கட்டத் தொடங்குகிற பலர் இந்த 5.2-ஐ வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்காரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் அதே எண் அச்சடித்ததைத் தேடி அலைகிறார்கள். 250-ஐ 0.048-ஆல் வகுத்துப் பாருங்கள். 5208 வரும். அந்த எண் பிறந்த இடம் அதுதான்.

டேட்டாஷீட்டில், எந்த ஆனோடு வோல்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் என்று காட்டும் வளைகோட்டுப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, 250 வோல்ட்டும் 48 மில்லிஆம்பியரும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 5.2 கிலோ ஓமுக்கான சாய்வில் அந்தப் புள்ளி வழியாக ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால், கீழே வோல்டேஜ் அச்சை 500-இலும் இடப்பக்கம் கரண்ட் அச்சை 96-இலும் தொடும். புள்ளி சரியாக நடுவில் நிற்கும். கிரிட் (சிக்னல் நுழையும் முனை) வோல்டேஜ் மேலே போனாலும் கீழே போனாலும் ஆனோடு இரு பக்கமும் ஒரே அளவு நகர இடம் இருக்கிறது. இதுதான் லோட் லைன். எவ்வளவு வாட் கிடைக்கும், எங்கே கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்படும்), ஸ்பீக்கரை மாற்றினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் இந்த ஒற்றைக் கோட்டிலிருந்தே வரும். சர்க்யூட்டைக் காப்பியடிப்பதற்கு முன் இந்தக் கோட்டை ஒரு தடவையாவது கையால் வரையுங்கள் என்பதுதான் இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது.

நான் வேலை பார்ப்பது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் டெஸ்ட் பிரிவில். அங்கே எல்லாம் 5 வோல்ட்டுக்குக் கீழே ஓடுகிற சில்லுகள். 300 வோல்ட்டில் சூடாக ஒளிர்கிற ஒரு கண்ணாடிக் குழாயின் கணக்கு எனக்குப் புதிது. அதனால் ஒவ்வோர் எண்ணையும் நானே போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பழைய ஸ்டீரியோ ரேடியோகிராம் (ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி) கிடைத்தது. பெட்டி செல்லரித்துவிட்டது, டர்ன்டேபிள் கிடையாது, ஆனால் உள்ளே சேசிஸ் முழுசாக இருந்தது. இடப்பக்கம் ஓர் இஎல்84, வலப்பக்கம் ஓர் இஎல்84, நடுவில், ஒரே குழாய்க்குள் இரண்டு சிறு வால்வுகள் கொண்ட இசிசி83. இரண்டும் சிங்கிள்-எண்டட். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான்.

அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரைத்தான் முதலில் அளந்தேன். எந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் அளக்க எளிய வழி இது: ஸ்பீக்கர் பக்கத்தில் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸில் 1 வோல்ட் கொடுத்து, ஆனோடு பக்கத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். 32 வோல்ட் வந்தது. சுற்று விகிதம் 32, இம்பிடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான தடை) விகிதம் அதன் வர்க்கம், அதாவது 1024. ரேடியோகிராமின் ஸ்பீக்கர் 5 ஓம். பெருக்கினால் ஆனோடு பார்க்கும் சுமை 5.1 கிலோ ஓம். அன்றைய பொறியாளர் டேட்டாஷீட்டின்படியே வடிவமைத்திருக்கிறார்.

அதே டிரான்ஸ்ஃபார்மரில் இன்றைய 8 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் சுமை 8.2 கிலோ ஓம் ஆகிவிடும். கோடு படுத்துவிடும். புள்ளியிலிருந்து கரண்ட் 30 மில்லிஆம்பியர் ஏறுவதற்குள் ஆனோடு வோல்டேஜ் தரையைத் தொட்டுவிடும். கணக்குப்படியே 3.8 வாட்டுக்கு மேல் போகாது, வளைகோட்டின் முட்டி (செங்குத்தாக ஏறும் கோடு சட்டென்று மட்டமாகத் திரும்பும் இடம்) குறுக்கே வருவதால் உண்மையில் இன்னும் குறையும். எதிர்ப்பக்கம் சுமையைப் பாதியாக்கி 2.6 கிலோ ஓமில் போட்டால் கோடு செங்குத்தாகி, கரண்ட் 48-லிருந்து பூஜ்யத்துக்கு வந்து நின்றுவிடும். 3 வாட். “எந்த ஸ்பீக்கரும் போடலாம்” என்று சொல்பவர்களிடம் இந்த மூன்று கோடுகளையும் வரைந்து காட்டுங்கள்.

பேஸ் விஷயத்தில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் மோசம். சிங்கிள்-எண்டடில் 48 மில்லிஆம்பியர் டிசி கரண்ட் எப்போதும் சுருள் வழியே ஓடுவதால், கோர் காந்தத்தால் நிறைந்துவிடாமல் இருக்க இரும்புத் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் இண்டக்டன்ஸ் (பேஸைக் காக்கும் சுருளின் குணம்) சரியும். 5.2 கிலோ ஓம் சுமையில் 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க 41 ஹென்றி வேண்டும். 10 ஹென்றிதான் இருந்தால் 83 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போய்விடும். இரண்டு வால்வுகள் எதிரெதிராக இழுக்கும் புஷ்-புல்லில் அவற்றின் டிசியும் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் இடைவெளி தேவையில்லை. கையில் இரண்டு இஎல்84 இருக்கிறது. ஸ்டீரியோவாக இருந்ததை ஒரு நல்ல மோனோ புஷ்-புல் ஆக்குவது என்று முடிவு செய்தேன்.

வால்வுகளைக் கழற்றுவதற்கு முன் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் சேசிஸைக் காட்டினேன். தோட்டங்களில் ரேடியோ ரிப்பேர் செய்தே குடும்பத்தை வளர்த்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சால்டரிங் வேலையைப் பார்த்தார். மெழுகு பூசிய கப்பாசிட்டர்களின் மேல் விரலை வைத்தார்.

“ஸ்விட்ச்சப் போட்டுப் பாட்டு வருதான்னு பாக்காத தம்பி. மொதல்ல கிரிட்டுல மீட்டர வை. பூஜ்யத்துக்கு மேல ஏதாவது காட்டுச்சுன்னா இத வெட்டித் தூக்கிப் போடு.”

“எல்லாத்தையுமா அண்ணே?”

“இந்த ஊரு ஈரத்துல தாளு கப்பாசிட்டர் எது நிக்கும்? எல்லாத்தையும்தான்.”

ஒரு பக்கக் கிரிட்டில் 1.5 வோல்ட் இருந்தது. முந்தைய வால்வின் ஆனோடிலிருந்து கப்பாசிட்டர் வழியாகக் கசிந்து வந்த டிசி. இஎல்84-க்கு ஒரு வோல்ட்டுக்கு 11.3 மில்லிஆம்பியர் ஏற்றும் குணம் உண்டு. 135 ஓம் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) ரெசிஸ்டர் அதில் பாதிக்கு மேல் தடுத்தாலும், 48 மில்லிஆம்பியர் 55 ஆகிவிடும். 12 வாட் தாங்கக்கூடிய ஆனோடு கிட்டத்தட்ட 14 வாட்டில் வெந்துகொண்டிருக்கும். ஆனோடு மங்கலான செந்நிறத்தில் தெரிகிறது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் இந்தக் கப்பாசிட்டர்தான் காரணம். இப்போது அங்கே இருப்பது 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன்.

புஷ்-புல்லுக்கு 8 கிலோ ஓம், நடுமுனை உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் இரும்பு எடைக்குத் தபால் செலவு கண்ணைக் கட்டும். அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்துக் கோயிலில் பழைய ஒலிபெருக்கிகளை மாற்றினார்கள். கழற்றிப் போட்டவற்றுக்குள், ஒவ்வோர் ஒலிபெருக்கியையும் நீண்ட 100 வோல்ட் ஒயரோடு இணைக்கும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர்கள் இருந்தன. 20, 10, 5, 2.5, 1.25 வாட் என்று முனைகள், இன்னொரு பக்கம் 8 ஓம். நிர்வாகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்த முனைகளை வாட்டாகப் பார்க்காமல் ஓமாகப் பாருங்கள். 100 வோல்ட்டின் வர்க்கம் 10,000. அதை 1.25-ஆல் வகுத்தால் 8000 ஓம். 5-ஆல் வகுத்தால் 2000 ஓம். இம்பிடன்ஸ் கால்வாசி என்றால் சுற்றுகள் பாதி. ஆக, 5 வாட் முனைதான் 1.25 வாட் முனைக்கும் பொதுமுனைக்கும் சரியான நடு! 8 ஓம் பக்கம் 1 வோல்ட் கொடுத்தேன். முழுச் சுருளில் 31.5 வோல்ட், 5 வாட் முனை வரை 15.8. யாரோ எங்கோ ஒலிபெருக்கிக்காகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், இஎல்84 புஷ்-புல் டேட்டாஷீட் கேட்கும் 8 கிலோ ஓமை அப்படியே தருகிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் 1.25 வாட் என்று எழுதிய முனையில் 10 வாட் எடுக்கலாமா? கோர் தாங்குவதை முடிவு செய்வது ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட் என்பது. 20 வாட் முனை 500 ஓம், அதாவது முழுச் சுருளின் கால்வாசிச் சுற்றுகள். அந்தக் கால்வாசியிலேயே 100 வோல்ட் தாங்கும்படிதான் கோரை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் முழுச் சுருள் 400 வோல்ட் தாங்கும். 8 கிலோ ஓமில் 10 வாட்டுக்குத் தேவை 283 வோல்ட். போதும், மிச்சமும் இருக்கிறது.

கவலைப்பட வேண்டியது இன்சுலேஷனைப் பற்றி. இந்தச் சுருள்கள் 300 வோல்ட் டிசி மேல் உட்காரப் பிறந்தவை அல்ல, முழு ஒலியில் ஆனோடு 500 வோல்ட்டைத் தாண்டி எழும்பும். இன்சுலேஷன் அளக்கும் மெகர் மீட்டரை 1000 வோல்ட்டில் வைத்துச் சுருளுக்கும் கோருக்கும் நடுவே அளந்தபோது 40 மெகா ஓம் காட்டியது. மழையிலும் வெயிலிலும் கோயில் கூரையடியில் கிடந்த பொருள். ஓர் அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் பல்பை எரியவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரை இரவு முழுக்க உள்ளே வைத்தேன். காலையில் 500 மெகா ஓமைத் தாண்டியது. பிறகுதான் வார்னிஷில் முக்கினேன். இப்படி ஏறாத ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டேன். அதைப் பயன்படுத்த எனக்குத் துணிவில்லை, நீங்களும் துணியாதீர்கள். ஸ்பீக்கர் பக்கத்தின் ஒரு முனையைக் கட்டாயம் சேசிஸ் எர்த்தோடு இணைக்க வேண்டும். இன்சுலேஷன் என்றாவது போனால் ஃபியூஸ் போகும், ஸ்பீக்கர் ஒயரைத் தொடுகிற குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

இனி கோடு. புஷ்-புல்லில் ஒலி குறைவாக இருக்கும்போது இரு வால்வும் வேலை செய்கின்றன, ஒவ்வொன்றும் பார்ப்பது 8-இல் பாதி, 4 கிலோ ஓம். ஒலி கூடி ஒரு வால்வு அணைந்துவிட்டால், மற்றது பார்ப்பது 8-இல் கால்வாசி, 2 கிலோ ஓம். அதனால் வரைய வேண்டிய முக்கியமான கோடு 300 வோல்ட்டிலிருந்து 150 மில்லிஆம்பியருக்கு. அந்தக் கோடு, கிரிட் பூஜ்யமாக இருக்கும் வளைகோட்டை அதன் முட்டியில் வெட்ட வேண்டும். முட்டிக்குக் கீழே வெட்டினால் ஸ்க்ரீன் (கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் நடுவே உள்ள இன்னொரு வலை) கரண்ட் எகிறும். முட்டிக்கு வலப்பக்கம் தள்ளி வெட்டினால் கிடைக்க வேண்டிய வாட் கிடைக்காது. டேட்டாஷீட் 300 வோல்ட்டில் 17 வாட் என்கிறது. அதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஒவ்வோர் ஆனோடும் 260 வோல்ட் இறங்குகிறது, கரண்ட் 130 மில்லிஆம்பியருக்கு ஏறுகிறது. 40 வோல்ட், 130 மில்லிஆம்பியர்: முட்டி அங்கேதான் இருக்கிறது. டேட்டாஷீட்டின் எண்ணை நானே வரைந்த கோட்டில் கண்டபோதுதான் இந்த வடிவமைப்பு என் கைக்குள் வந்தது.

மின்சாரப் பக்கம் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அதுதான் வால்வைக் கொல்லும். ரேடியோகிராமின் பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 220 வோல்ட்டுக்கு மேல் முனை கிடையாது. எங்கள் வீட்டு ஸாக்கெட்டில் பெரும்பாலும் 240. அதாவது எல்லாம் 9 சதவீதம் கூடுதல். 6.3 வர வேண்டிய ஹீட்டரில் 6.9 வந்தது. இரண்டு இஎல்84, ஓர் இசிசி83 சேர்ந்து ஹீட்டருக்கு இழுப்பது 1.82 ஆம்பியர். தொடரில் 0.33 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டதும் 6.3-க்கு வந்து நின்றது. பழைய செலினியம் ரெக்டிஃபையரை எடுத்துவிட்டு 1என்4007 டயோடுகள் போட்டேன், ஏறும் வோல்டேஜை அடக்க 100 ஓம் தொடரில். பி பிளஸ் (ஆனோடுகளுக்குப் போகும் டிசி சப்ளை) 305 வோல்ட்.

கேத்தோடுக்கு டேட்டாஷீட் இரு வால்வுக்கும் பொதுவாக 130 ஓம் தருகிறது. நான் தனித்தனியாக 270 ஓம் போட்டேன், ஒவ்வொன்றுக்கும் 470 மைக்ரோஃபாரட். காரணம், கோரில் இடைவெளி இல்லாததால் இரு பக்கக் கரண்டும் ஒத்துப்போக வேண்டும். தனி ரெசிஸ்டர் இருந்தால் ஒவ்வொரு வால்வும் தன்னைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும், நாமும் மீட்டரை வைத்துத் தனித்தனியாகப் பார்க்கலாம். ஒரு பக்கம் 10.8 வோல்ட், மறுபக்கம் 10.3. கரண்டாக 40-உம் 38-உம். 2 மில்லிஆம்பியர் வித்தியாசம் பரவாயில்லை. வால்வுகளை இடம் மாற்றிச் செருகிப் பார்த்தேன், வித்தியாசமும் கூடவே இடம் மாறியது. ஆக, அது வால்வின் குணம், சுருளில் குறை இல்லை. ஸ்க்ரீனுக்கு 4 மில்லிஆம்பியர் போக ஆனோடுக்கு 36, அதன் குறுக்கே 290 வோல்ட், 10.4 வாட். 12 வாட் வால்வை எப்போதும் எல்லையில் ஓட்டாமல் இந்த இடத்தில் நிறுத்துவது எனக்குப் பிடிக்கும். பினாங்கு வெக்கையில் சேசிஸ் ஏற்கெனவே சூடு.

ஒவ்வொரு கிரிட்டிலும் 4.7 கிலோ ஓம், ஒவ்வொரு ஸ்க்ரீனிலும் 100 ஓம். இவற்றை சாக்கெட்டின் 2-ஆம் முனையிலும் 9-ஆம் முனையிலும் ஒட்டினாற்போல் பற்றவைக்க வேண்டும். ஒயர் ஒரு அங்குலம் நீண்டால்கூட இஎல்84 ரேடியோ அலைவரிசையில் தானாகவே ஊளையிடத் தயங்காது. இசிசி83-இன் ஒரு பாதி ஒலியைப் பெருக்குகிறது, மறுபாதி ஆனோடிலிருந்தும் கேத்தோடிலிருந்தும் எதிரெதிர் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கிறது.

அல்ட்ராலீனியர் போடலாமே என்று கேட்பீர்கள். ஹாஃப்லரும் கெரோஸும் 1951-இல் பிரபலமாக்கிய முறை, ஸ்க்ரீனை டிரான்ஸ்ஃபார்மரின் இடைமுனைக்கு இணைப்பது. எனக்கும் ஆசைதான். ஆனால் லைன் டிரான்ஸ்ஃபார்மரின் இடைமுனைகள் நடுவிலிருந்து பார்த்தால் சமமாக இல்லை. ஒரு பக்கம் 2.5 வாட் முனை 41 சதவீதத்தில் விழுகிறது. மறுபக்கம் கிடைப்பது 29 அல்லது 50. ஒரு காலில் செருப்பு, மறுகாலில் பூட்ஸ் போட்டு நடக்கிற கதை. அதனால் ஸ்க்ரீனை நேராக சப்ளைக்கே கொடுத்து, சுத்தமான பென்டோடாகவே (ஐந்து முனை வால்வாகவே) விட்டேன்.

பென்டோடு என்றால் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளீட்டில் கழிப்பது) இல்லாமல் ஸ்பீக்கரை அடக்க முடியாது. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் தன் பேஸ் ஒத்ததிர்வில் 30 ஓமைத் தாண்டிப் போகும். பென்டோடின் வெளியீட்டு இம்பிடன்ஸ் மிக அதிகம் என்பதால் அந்த இடத்தில் ஒலி ஊதிப் பெருகும். ஸ்பீக்கர் முனையிலிருந்து முதல் வால்வின் கேத்தோடுக்கு 14 டெசிபல் ஃபீட்பேக் கொடுத்தேன். அதற்கு மேல் கூட்டினால் ஸ்கோப்பில் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையின் மூலையில் முள் முளைத்து ஆடுகிறது. ஒலிபெருக்கி டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்கள் நல்ல ஹை-ஃபை டிரான்ஸ்ஃபார்மர் போல அடுக்கடுக்காகப் பின்னிச் சுற்றப்படவில்லை. அதன் எல்லை அதுதான்.

ஃபீட்பேக் வேலை செய்கிறதா என்று காதை மட்டும் நம்பாதீர்கள். சிறு ஒலியளவில் 8 ஓம் சுமையோடு 2.00 வோல்ட் வைத்து, ஒரு கணம் சுமையைக் கழற்றினேன். 2.45 ஆனது. 8-ஐ 0.225-ஆல் பெருக்கினால் வெளியீட்டு இம்பிடன்ஸ் 1.8 ஓம். டேம்பிங் (ஸ்பீக்கரின் 8 ஓமை இந்த 1.8-ஆல் வகுத்தது) 4-க்குச் சற்று மேல். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்போடு ஒப்பிட்டால் குறைவு, என் மூடிய பெட்டி ஸ்பீக்கருக்குப் போதும். முழு ஒலியில் மட்டும் சுமையைக் கழற்றவே கூடாது. பென்டோடுக்குச் சுமை இல்லாவிட்டால் ஆனோடு வோல்டேஜ் கட்டுப்பாடில்லாமல் எகிறி, சாக்கெட்டிலோ சுருளிலோ பொறி பறக்கும்.

கிளிப் ஆகும் விளிம்பில் 8 ஓமில் 9.6 வோல்ட், அதாவது 11.5 வாட். 290 வோல்ட்டுக்குக் கோடு சொன்னது 15.6. மிச்சம் எங்கே போனது என்று தேடியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முழு ஒலியில் பி பிளஸ் 305-லிருந்து 288-க்குச் சரிகிறது, கேத்தோடு 3 வோல்ட் ஏறுகிறது. ஆனோடுக்கு மிஞ்சுவது 270. முட்டியின் 40 போக 230 வோல்ட் நகர்வு, அதாவது 13.2 வாட். முழுச் சுருளின் டிசி ரெசிஸ்டன்ஸ் 318 ஓம், ஸ்பீக்கர் பக்கம் அரை ஓமுக்கு மேல். அவை இரண்டும் பத்தில் ஒரு பங்கைத் தின்கின்றன. வந்து நிற்பது 11.8. மீட்டர் காட்டியது 11.5. பென்சில் கோட்டுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே இவ்வளவு நெருக்கம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று. வீட்டு மெயின் போர்டில் உள்ள கசிவு பிரேக்கர் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் உள்ள 300 வோல்ட்டிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. டிரான்ஸ்ஃபார்மர் பிரித்துவிடுவதால் அதற்கு அந்த ஷாக் தெரியவே தெரியாது. ஃபில்டர் கப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட், அதன் குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கிறது. அணைத்த பிறகு 2 நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுகிறேன். மீட்டரின் கறுப்பு ஒயரை சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையால் மட்டும் அளக்கிறேன். மறுகை பாக்கெட்டில்.

இப்போது மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மும் பழைய நாகஸ்வர இசைத்தட்டுகளும் இதில் ஓடுகின்றன. முதல் 5 வாட் வரை இரண்டு வால்வும் அணையாமல் கிளாஸ் ஏ-யில் நிற்கின்றன, என் அறைக்கு அதற்கு மேல் தேவைப்படுவதே அபூர்வம். 1 வாட்டில் 28 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. தவிலின் தொப்பிச் சத்தம் நெஞ்சில் வந்து விழுகிறது. அடுத்து இரண்டாவது சேனல். மிச்சமிருக்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மர்களில் மெகர் தேர்வில் தேறியவற்றின் டிசி ரெசிஸ்டன்ஸையும் இண்டக்டன்ஸையும் அளந்து, முதலாவதற்கு ஜோடி சேருகிற ஒன்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். வால்வுகளுக்கு ஸ்லோவாக்கியாவில் இன்றும் தயாராகும் ஜேஜே இஎல்84 ஒரு ஜோடிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அவை வந்ததும் அவற்றின் எண்களை வைத்து இன்னொரு தாளில் கோடு போட வேண்டும்.